கப்பலேறும் நாளில் துவைத்த விரிப்பு

டுலூத், மினசோட்டா
2 ஏப்ரல் 1974

இங்கிலாந்து, ஹல் நகரம், ஹெஸ்ஸல் சாலை அருகே, ஸ்கார்பரோ தெரு 14ஆம் எண் வீட்டில் இப்போது குடியிருப்பவருக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. அம்மாவின் கல்யாணச் சான்றிதழில் உங்கள் வீட்டு முகவரி இருந்தது. அம்மா பெயர் வின்னி, பிறந்த வீட்டுப் பெயர் ஸ்டாதர்ஸ். அமெரிக்கச் சிப்பாயான என் அப்பாவைக் கட்டிக்கொண்டு 1946இல் இங்கே வந்தவள். போரில் குண்டு விழுந்து அவள் அம்மாவும் தங்கை எட்னாவும் இறந்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தாள்.

ஆறு மாதம் முன்பு அப்பா இறந்ததிலிருந்து அம்மா யாரோடும் பேசுவதில்லை. பாத்திரம் கழுவும்போது மட்டும், "எட்னா, அந்தத் துண்டை எடு" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்கள் கல்லறை எங்கே என்று விசாரித்து எழுதுவீர்களா? படமாவது எடுத்துக் காட்டினால் மனம் ஆறுவாளோ என்று பார்க்கிறேன்.

லோரெய்ன் லின்ட்கிரன்

ஹல்
15 ஏப்ரல் 1974

அன்பு லோரெய்ன்,

கல்லறை கேட்டிருக்கிறாய். என்னுடையதற்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், நான் இன்னும் சாகவில்லை. செத்துப்போன விஷயமே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு டோரிஸிடம் காட்டினேன். "செத்தவளுக்கு என்னடி இவ்வளவு வாய்?" என்று சிரிக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குண்டு விழுந்து எங்கள் ஜன்னல் கண்ணாடிதான் போனது. அவள் ஏறிய கப்பல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது என்று பேப்பரில் படித்தேன். அவள் சேர்ந்தாளா என்று சொல்ல நாதியில்லை. படுக்கையில் கிடந்த எங்கள் அம்மா, சாகும்வரை "தபால் வந்துச்சா?" என்றுதான் கேட்டாள். இருபத்தெட்டு வருஷம்! எங்களை ஏன் கொன்றாள் என்று உன் அம்மாவைக் கேள்.

எட்னா ஸ்டாதர்ஸ்
(சித்தி என்று போடலாமா, தெரியவில்லை.)

டுலூத்
6 மே 1974

அன்புள்ள சித்திக்கு,

அப்படித்தான் கூப்பிடுவேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா மாவு பிசைந்த கையோடு உட்கார்ந்துவிட்டாள். "ஏம்மா பொய் சொன்னே?" என்றேன். "அவதான் முதல்ல என்னைக் கொன்னா" என்று அழுதாள். மறுநாள் காப்பி ஊற்றிக்கொண்டே, "அந்த விரிப்பை எப்போ கொடியிலேர்ந்து எடுத்தாளாம்? கேட்டு எழுது" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அப்பா வெளியூர் கிளம்பும் நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட அம்மா நனைக்க விட்டதில்லை.

லோரெய்ன்

ஹல்
20 மே 1974

லோரெய்ன் கண்ணு,

எங்கள் தெரு மீன்பிடிக் கப்பல்காரர்கள் தெரு. வீட்டு ஆள் கப்பலேறும் நாளில் துவைத்தால், கடல் அவரை அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். அப்பாவைக் கடலுக்குக் கொடுத்த வீடு எங்களுடையது.

உன் அம்மா அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று திங்கட்கிழமை. அவள் வாசல் தாண்டுமுன்பே, அவள் படுத்தெழுந்த விரிப்பைத் துவைத்துத் தெருக்கொடியில் போட்டேன். கேட்டவர்களிடம், "திங்கக்கிழமை எல்லாரும் துவைக்கிற நாள்தானே" என்றேன். பொய். எனக்குப் பதினெட்டு வயது. நோயாளி அம்மாவை என் தலையில் கட்டிவிட்டு ஜம்மென்று போகிறாளே என்று வயிறெரிந்து, மனசறிந்துதான் செய்தேன். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். கொடியில் விரிப்பைக் கண்டதும் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

எப்போது எடுத்தேன் என்றா கேட்கிறாள்? அவள் முனை திரும்பிய உடனே. ஈர விரிப்பை மார்போடு அள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். கப்பல் துறைக்குப் போகும் ரயில் போய்விட்டது. அதற்கப்புறம் தபால் வராத ஒவ்வொரு நாளும், நான்தான் அவளைத் தண்ணீரில் தள்ளிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். டோரிஸிடம்கூடச் சொன்னதில்லை.

மன்னிக்கச் சொல்ல எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன் என்று அவளிடம் சொல்.

சித்தி எட்னா

டுலூத்
10 ஜூன் 1974

அடி எட்னா,

நீ ஓடி வந்தது எனக்குத் தெரியாதடி. ரயிலில் கண்ணை மூடினாலும் அந்த விரிப்புதான் தெரிந்தது. எனக்கு யாரும் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அம்மா தபாலுக்குக் காத்திருந்ததைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பாவம் என்னுடையது, உன் தலையில் போடமாட்டேன். சேர்த்து வைத்திருக்கும் திட்டையெல்லாம் நேரிலேயே திட்டிவிடு.

லோரெய்னோடு விமானத்தில் வருகிறேன். ஜூலை முதல் தேதி கிளம்புகிறோம். திங்கட்கிழமை, நீ துவைக்கிற நாள்.

அன்றைக்கு மட்டும் வாளியைத் தொடாதே.

உன் அக்கா
வின்னி