ஏழாம் மிஷின் துணிக்கு அந்தப் பக்கம்

ஏப்ரல் 25, 2008. வெள்ளி

பத்தாவது பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வரும்வரை என்னை வீட்டில் விட்டால் வீட்டையே விற்றுவிடுவேன் என்று அம்மா தன்னோடு நிட்டிங் ஷெட்டுக்கு இழுத்துப் போகிறாள். அப்பா சோணைமுத்து அங்கே மிஷின் ஓட்டுகிறார். அம்மா ராக்கம்மாள் செக்கிங். நான் அம்மாவுக்குக் கையாள். துணி தட்டையாக வராது. இரண்டு பக்கமும் திறந்த தலையணை உறை மாதிரி, நீளக் குழாயாகத்தான் மிஷினிலிருந்து இறங்கும். அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்டிருக்கிற நூலை வெட்ட வேண்டும். பதினாறு வருஷமாக ஊரார் பேச்சில் ஓட்டை பார்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

இன்றைய சாதனை: ஓனர் கன்னையன் முதுகில் ‘ரிஜெக்ட்’ ஸ்டிக்கர். டீ டைம் வரைக்கும் அதோடு உலாவினார். அப்பா திட்டினார். “நாகஜோதின்னு பேரு வச்சேன், நாகம் மட்டுந்தான் மிச்சம்.”

ஓனர் மகள் பூங்குழலி என் கிளாஸ்தான். ஸ்டிக்கரைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு என்றே கணக்கில் வைக்கிறேன். போன வருஷம் வெள்ளகோவில் ரோட்டில் லாரி மோதி அவள் அண்ணன் சுரேஷ் இறந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. வண்டியில் பின்னால் இவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 28, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன். அப்போதுதான் நானே நம்புவேன்.

காலையில் ஏழாம் நம்பர் மிஷினில் ஊசி உடைந்தது. துணியில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. அந்த இடத்தோடு ஆறு மீட்டரை அப்பா வெட்டினார். பிரியாமல் இருக்க நூல் முனையில் முடிச்சுப் போட்டு வேஸ்ட் மூலையில், நூல் மூட்டைகளுக்குப் பின்னால் எறிந்தார். வேஸ்ட் வியாபாரி சனிக்கிழமைதான் வருவார்.

மத்தியானம் அந்தத் துணியின் ஒரு முனைக்குப் பக்கத்தில் பூங்குழலி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் நுழைந்து, ஊர்ந்து போய், அவள் காலைப் பிடிக்கலாம் என்று திட்டம். நுழைந்தேன். ஊர்ந்தேன். தலையை நீட்டினேன்.

காலைக் காணோம். ஆளையும் காணோம்.

அதே ஷெட். ஆனால் மிஷின்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றின. ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார்கள். தையல், பிசிர், பின்கழுத்து லேபிள், எல்லாம் வெளியே. ஜன்னலுக்கு வெளியே நொய்யல் ஆறு ஓடியது. இங்கே மாதிரி சாயத்தின் நிறத்தில் இல்லை, தண்ணீரின் நிறத்தில். இரண்டு பையன்கள் பாறையிலிருந்து குதித்தார்கள். குதித்தவர்கள் சிரித்துக்கொண்டே மேலே வந்தார்கள்.

வந்த வழியே பின்னோக்கி ஊர்ந்து வந்துவிட்டேன். வேஸ்ட் பண்ணாதே என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். கடைசியில் வேஸ்டுக்குள்ளேயே போய் வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பூங்குழலியிடம் சொன்னேன். “அடுத்த ஸ்டிக்கரா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 30, புதன்

மறுபடியும் போனேன். என் சுடிதாரை உள்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழாம் மிஷின் பக்கத்தில் ஒருவர் தாடியோடு நின்றார். நூல் சுற்றிய கோனை மாற்றிவிட்டுத் திரும்பினார். சுரேஷ் அண்ணன்.

அங்கே செக்கிங் செய்கிற ஒரு அம்மா இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது: “தங்கச்சி போயி ஒரு வருசமாச்சு மயிலா. லாரிக்காரன் அந்தப் புள்ளயத்தான் அடிச்சான், இந்தப் பையன் தப்பிச்சுட்டான். இன்னும் அவங்கம்மா இவங்கூடப் பேச மாட்டீங்குது.”

ஆக, அங்கே செத்தது பூங்குழலி. பிழைத்தது அண்ணன்.

சொல்வதா? சொல்லாமல் இருப்பதா? இதை விளையாட்டு என்று அவள் நினைத்துவிட்டால், இதைவிடக் கேவலமான விளையாட்டு வேறு உண்டா?

மே 1, வியாழன்

மே தினம். ஷெட் லீவு. சாவி பூங்குழலியிடம். நான் சொன்னதைக் கேட்டு அடிக்கக் கை ஓங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். கையை இறக்கினாள்.

இரண்டு பேரும் போனோம். அங்கேயும் லீவுதான். அண்ணன் மட்டும் தனியாக மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இவள் “ண்ணா” என்றாள். எண்ணெய்க்கேன் கவிழ்ந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை. முதன்முறையாக எனக்கு வேடிக்கை பார்க்கத் தோன்றவில்லை. இந்தப் பக்கம் வந்து காவல் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்கு அலுப்பு. துணிக்குள் வாயை வைத்து, “பூங்குழலி, உங்கப்பா வண்டி வந்துருச்சு, வெரசா வாடி” என்று கத்தினேன்.

முட்டி சிராய்க்க ஓடி வந்தாள். வாசலில் வண்டி இல்லை. நான் சிரித்தேன்.

“அண்ணன் அழுதுட்டிருந்துச்சு. பாதில உட்டுட்டு வந்தேன்” என்றாள். பிறகு, “இனி உன்ற வாயில வர்ற ஒரு வார்த்தையயும் நான் நம்ப மாட்டேன், பாத்துக்க.”

என் நாக்கை நானே வெட்டிப்போட்டாலும் தேவலை.

மே 2, வெள்ளி. சாயங்காலம்

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் பூங்குழலி தனியாகத் துணிக்குள் நுழையப் போனாள். கையைப் பிடித்தேன்.

“நாளைக்கு வேஸ்ட்காரர் வந்துருவாருடி. அப்புறம் இந்தத் துணி இங்க இருக்காது.”

“தெரியும்.”

“எப்ப வருவ?”

“வந்தா வருவேன்” என்றாள். “அம்மா என்ற மூஞ்சியப் பாத்து ஒரு வருசமாச்சு. பையன் பொழச்சிருந்தாப் போதும்னு நெனைக்கறாங்க. அங்க எனக்கொசரம் ஒருத்தராவது அழுதிருக்காங்க.”

போய்விட்டாள். அவள் வராமலே போனால்? கன்னையனிடம் என்ன சொல்வேன்? உங்க மகளை வேஸ்ட் துணிக்குள்ள தொலைச்சிட்டேனுங்க என்றா? நான் சொல்லி யார் நம்புவார்கள்?

மூன்று மணி. மூன்றரை. துணி முனையைப் பார்த்தபடி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். கையில் கத்தரி. முனையில் ஒரு முடிச்சு, முடிச்சில் விரல் நீளத்துக்குப் பிசிர்.

நறுக்கினேன்.

யோசிக்கவே இல்லை. ஒரு வாரமாக ஒரு நாளைக்கு ஆயிரம் பிசிர் நறுக்குகிற கை. முடிச்சும் சேர்ந்து போய்விட்டது. தலைநீட்டிய நூலை, வெறும் பிசிர்தானா என்று பார்க்க, எல்லாரும் செய்கிற மாதிரி இழுத்தேன். வழுவழுவென்று வந்தது. இரண்டு கை கொள்ளுமளவு சுருள் சுருளாக மடியில் விழுந்த பிறகுதான் உறைத்தது. நான் வழியைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நிறுத்தினேன். ஆனால் நூல் ஊசி உடைந்த ஓட்டைவரை பிரிந்துவிட்டிருந்தது. அந்த ஓட்டையிலிருந்து பின்னல் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, ஏணிப்படி மாதிரி நீளவாக்கில் ஓடிக்கொண்டிருந்தன. தொடத் தொட ஓடியது. ஒரே ஒரு ஆள் ஊர்ந்து வருகிற வரைக்கும் தாங்கும். அதுவும் சீக்கிரம் வந்தால். நான் உள்ளே போய்க் கூட்டி வரலாம் என்றால், போகிறதிலேயே கிழிந்துவிடும்.

“பூங்குழலி, துணி பிரியுதுடி. இப்பவே வா.”

தூரத்திலிருந்து குரல்: “நேத்து வண்டி வந்துச்சு, இன்னிக்குத் துணி பிரியுதா?”

“சத்தியமாடி. எங்காத்தா மேல சத்தியம்.”

“போன வாரம் அவங்க மேல ஒம்பது தடவ சத்தியம் பண்ணியிருக்கறே.”

உண்மை. பத்துத் தடவை.

என் வாயை அவள் நம்ப மாட்டாள். அவள் எதை நம்புவாள்? காலி கோன் ஒன்றை எடுத்தேன். மடியில் கிடந்த நூலை அதில் சுற்றினேன். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும், புது நூல் அப்படி இருக்காது. ஷெட்டில் வளர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை வரிசை போயிருக்கிறது என்று கையில் வாங்கியதுமே தெரிந்துவிடும். ஸ்டூல் மேல் ஏறி, துணியின் வாயை உயரத் தூக்கினேன். கோனை உள்ளே விட்டேன். சறுக்கிக்கொண்டு போனது. ஏணி இன்னும் ஒரு சாண் ஓடியது.

பிறகு பூங்குழலியின் குரல், பயந்துபோய்: “ண்ணா, இது நெசம்.”

பிறகு அவர் குரல். முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்டது.

“போ சாமி.”

“நான் போவுல.”

“அங்க அம்மாவுக்கு நீ ஒருத்திதான் இருக்கறே. எங்கூட எங்கம்மா பேசாதது, எனக்குப் பதிலாப் பொண்ணு பொழச்சிருக்கோணும்னு இல்ல. என்னப் பாத்தா உன்ற நெனப்பு வருது, அதான். அங்கயும் அப்படித்தான் இருக்கும். போ.”

துணி அசைந்தது. நான் துணியின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டேன். கண்ணிகள் கழல்கிற சத்தம் கேட்டது. இல்லை, கேட்டிருக்காது, ஒன்பது மிஷின் ஓடுகிறது. ஆனாலும் கேட்டது. தலை வந்தது. தோள் வந்தது. இழுத்தேன். இடது கை மட்டும் வரவில்லை. கடைசி வரைக்கும் உள்ளேயே நீட்டி வைத்திருந்தாள். யாரோ பிடித்திருந்த மாதிரி. பிறகு விட்ட மாதிரி.

திரும்பிப் பார்த்தபோது அங்கே துணி இல்லை. ஒரு குவியல் நூல்.

மே 3, சனி

வேஸ்ட்காரர் வந்தார். குவியலைத் தராசில் போட்டார். எடுத்துப் போனார். பூங்குழலி ஜன்னலோரம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

மே 8, வியாழன்

பேசவில்லை.

முடிச்சை நறுக்கியது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. கேட்டுக்கொண்டாள். எழுந்து போனாள்.

மே 13, செவ்வாய்

ஓனர் முதுகு காலியாகவே இருக்கிறது. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “காய்ச்சலாடி?” என்று கேட்டாள்.

மே 19, திங்கள்

பத்து மணிக்குப் பூங்குழலியின் அம்மா ராமாத்தாள் ஷெட்டுக்கு வந்தார். ஒரு வருஷமாக இந்தப் பக்கம் வராதவர். நேரே வேஸ்ட் மூலைக்கு வந்து, என் எதிரே மூட்டை மேல் உட்கார்ந்தார். நான் எழுந்தேன்.

“உக்காரு கண்ணு. குழலி நேத்து எல்லாஞ் சொன்னா.”

மறுபடி உட்கார்ந்தேன்.

“அவ பொய் சொல்ல மாட்டா. நீ சொல்லுவீன்னு ஊரே சொல்லுது. இருந்தாலும் அங்க போனது நீங்க ரெண்டு பேருந்தான். உன்ற கிட்டயும் கேக்கோணும்ல.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். “என்ற பையன் எப்படி இருக்கறான்?”

நன்றாக இருக்கிறார், சிரித்த முகம், கொஞ்சம் சதை போட்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒல்லியா இருக்காருங்கம்மா. தாடி வச்சிருக்காரு. லீவு நாள்லயும் தனியா வந்து மிஷினுக்கு எண்ணெ விட்டுக்கிட்டு இருந்தாரு.”

“நேரத்துக்குச் சாப்படறானா?”

“தெரியலங்கம்மா.”

தலையாட்டினார். என்னை நம்பிவிட்டார். அது எனக்கு எப்படியோ தெரிந்தது. இதுவரை யாரும் என்னை அப்படி நம்பியதில்லை.

பூங்குழலி டிபன் பாக்ஸோடு வந்து, அம்மாவைக் கண்டதும் தயங்கி நின்றாள். ராமாத்தாள் அவளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஷெட்டில் பறக்கிற பஞ்சு அவள் புருவத்தில் ஒட்டியிருந்தது. விரலால் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்து முடித்த பிறகும் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் கத்தரியை எடுத்துக்கொண்டு நைசாக நழுவப் பார்த்தேன்.

“எங்க போறே?” என்றாள் பூங்குழலி. டிபன் மூடியை என் பக்கம் தள்ளினாள். அதில் பாதி தோசை இருந்தது.