எஞ்சினுக்குப் பேர் சொல்லி அனுப்புவது

ஜூலை 5, திங்கள்
காலையில் தூறல். துணி காயவில்லை. ‘தூறல்’ என்று எழுதினேன். ‘ற’ இப்போது அழகாக வருகிறது. மாதா கோயில் மாலை வகுப்பு வாழ்க.

மகள் ஸ்டெல்லா கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை. பாட்டுக்கு எதிரொலி சேர்க்கும் சாப்ட்வேர் செய்கிறாள். திரையில் ரேடியோவில் இருப்பது போலத் திருப்பும் குமிழ்கள். திருப்பினால் உள்ளே இருக்கும் ‘எஞ்சின்’ என்கிற பகுதி பாட்டின் சத்தத்தை மாற்ற வேண்டும். குமிழும் எஞ்சினும் தனித்தனி. இரண்டையும் எந்த முறையில் பேச வைப்பது என்பதுதான் சிக்கல். வெள்ளிக்கிழமை பம்பாய் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பிடித்தால் வீட்டிலேயே வேலை. இல்லையென்றால் வேலைக்குப் பெங்களூர் போய்விடுவாள்.

ஜூலை 6, செவ்வாய்
இரண்டு வழியாம். ஒன்றுக்கு ‘மிடி’ என்று பேர். எண் மட்டும் போகும், அதுவும் 127 வரைதான். மெதுவாகத் திருப்பினாலும் சத்தம் படிப்படியாக ஏறுகிறது. கேட்டேன். கரகர. இன்னொன்றில் குமிழின் பேரும் சேர்ந்து போகும், 0.35 போலப் புள்ளி வைத்த எண்ணோடு. எனக்காகத் தமிழில் எழுதிக் காட்டினாள்: எதிரொலி/அறை/அளவு. நானே படித்துவிட்டேன்!

“பேர் இருக்கிறதையே போடும்மா” என்றேன்.

“நீ படிக்கக் கத்துகினதுக்கு நான் இத்த போடணுமா நைனா?”

அதையேதான் போட்டாள். சத்தம் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது.

ஜூலை 7, புதன்
வெயில். காசிமேட்டு நெத்திலி.
செய்தி போய்ச் சேர்ந்ததா என்று குமிழுக்குத் தெரியவில்லையாம். எங்கள் துறைமுக வேலையின் வழக்கத்தைச் சொன்னேன். கப்பல் மேல் நின்று நான் கை காட்டுவேன். கிரேன் டிரைவர் வேலு அதே சைகையைத் திருப்பிக் காட்டுவான். அப்புறம்தான் சரக்கு ஏறும்.

“சூப்பரா கீதே!” என்றாள். எஞ்சினையும் பதில் சொல்ல வைத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஜூலை 8, வியாழன்
காரியம் கெட்டது. குமிழைத் தொட்டால் பாட்டு திக்குகிறது. பதில் அனுப்ப எஞ்சின் நிற்கிறதாம். அதற்குள் சத்தம் அறுந்துவிடுகிறது.

“உன் கிரேன் நிக்கலாம் நைனா. பாட்டு எப்டி நிக்கும்?”

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வேலு வந்தான். “இன்னா மாமு, கம்ப்யூட்டரையும் கப்பல்ல ஏத்திட்டியா?” அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை.

என்னால் ஆனவை: டீ. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பியது. வாயை மூடிக்கொண்டது.

ஜூலை 9, வெள்ளி
பதில் சொல்லும் பகுதியை எடுத்துவிட்டாள். பாட்டு நிற்கவில்லை. ஆனால் வேகமாகத் திருப்பினால் சில செய்திகள் தொலைகின்றன. குமிழ் ஓரிடத்தில், சத்தம் வேறிடத்தில். சரிசெய்ய நேரமில்லை. ஒரு நாளை நான் தின்றுவிட்டேன். அப்படியே அனுப்பினாள். மோடம் கீச்சிட்டது.

“போச்சா?”

“போச்சு.”

“பாத்தாங்களா?”

“தெரியாது நைனா.”

ஜூலை 15, வியாழன்
மழை. பம்பாயிலிருந்து ஒன்றும் இல்லை. போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். லைன் இருக்கிறது.

ஸ்டெல்லா பரண்மேல் இருந்த பயணப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். மேலே பேர் எழுதித் தரச் சொன்னாள். பெயிண்ட்டில், பெரிதாக எழுதினேன். ஸ்டெல்லா, ராயபுரம். ஒரு பிழை இல்லை.