அயர்லாந்தில் ஒரு கல்லறை

துபாய், கராமா
4.10.2024

அன்பு சப்ரீனா, அஸ்ஸலாமு அலைக்கும்.

ரூமில் ஆறு பேர். போனில் மனசு விட்டுப் பேச முடியவில்லை. கூட இருக்கும் ஆசிக் லீவில் ஊருக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த ஆபீஸ் வேலை குமட்டுகிறது. அமெரிக்காக்காரர்கள் பணம் கட்டி, 'எங்கள் பாட்டன் பூட்டன் அயர்லாந்தில் எந்த ஊர்?' என்று கேட்கிறார்கள். பழைய சர்ச் பதிவுகளில் தேடிச் சொல்வது எங்கள் டூட்டி. பாதிப் பதிவுகள் எரிந்தும் மக்கியும் போய்விட்டன. கிடைக்கவில்லை என்றால் மேனேஜர் ரோஹித், "அரே பாய், ஏதாவது ஒரு பேட்ரிக்கைப் போடு, ஜல்தி!" என்கிறான். நானும் போட்டேன்.

நேற்று ஒரு கிழவி போட்டோ அனுப்பியிருந்தாள். தள்ளாத வயசில் விமானம் ஏறிப் போய், நான் காட்டிவிட்ட கல்லறை முன்னால் மண்டியிட்டு அழுகிறாள். உள்ளே கிடப்பது எவனோ! ரோஹித் அந்தப் போட்டோவைச் சுவரில் ஒட்டி, எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ச்சீ, என்ன பிழைப்பு இது! விட்டுவிட்டு வந்துவிடட்டுமா?

உன் ராஜிக்

*

கீழக்கரை
13.10.2024

அன்புள்ள மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் மகள் மர்ஜானா சுகம். விழுந்த பல்லை உங்களுக்குக் காட்ட டப்பாவில் வைத்திருக்கிறாள்.

படித்ததும் எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. பாவம், அவ்வளவு தூரம் போய் யாருக்கோ அழுதிருக்கிறாளே அந்தக் கிழவி! அந்தக் காசு நமக்கு வேண்டாம். வந்துவிடுங்கள், கஞ்சியோ கூழோ குடிப்போம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். என் வாப்பா சவூதியில், அல் கோபாரில் வபாத்தானபோது நீங்களும் அங்கேதான் வேலையில் இருந்தீர்கள். டூட்டியில் விடவில்லை, மண் போடக்கூடப் போக முடியவில்லை என்றீர்கள். ஒரு மாசம் கழித்து, 'இதுதான் மாமாவுடைய கபுர்' என்று போட்டோ அனுப்பினீர்கள். அங்கே கபுரில் பேர் எழுதுவதில்லையாம், வெறும் கல்தானாம். ஆசிக் சொன்னார்.

அதுதான் வாப்பாவின் கபுர் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் மச்சான்? உம்மா அதை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் முன்னால் உட்கார்ந்து யாசீன் ஓதுகிறது.

உங்கள் சப்ரீனா

*

கீழக்கரை
8.11.2024

மச்சானுக்கு, ஸலாம்.

நாலு தடவை போன் பண்ணினீர்கள். வேலையை விடப் பேப்பர் போட்டதைச் சொன்னீர்கள். மர்ஜானாவின் பல்லை விசாரித்தீர்கள். நான் கேட்டதற்கு மட்டும், "ரூம்ல ஆளு இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்றீர்கள்.

எவளோ ஒரு கிழவிக்காகச் சோறு இறங்கவில்லை உங்களுக்கு. இத்தனை வருஷம், லீவில் வந்தபோதெல்லாம், என் உம்மா கையால் ஆக்கிப் போட்ட சோறு மட்டும் எப்படி இறங்கியது? நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

இன்று போட்டோவைக் கிழித்து எடுத்துவிட்டேன். ஓத உட்கார்ந்த உம்மா, "போட்டோ எங்க புள்ள?" என்று கேட்டது.

"ஒங்க மருமகன் வந்து சொல்லுவாஹ உம்மா" என்று சொல்லியிருக்கிறேன்.

சப்ரீனா