நீலக் குழாயில் விட்ட ஈக்கள்

ஜூன் 11, வியாழன்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. முழங்கால் வலி.

பேத்தி ஜெசி மத்தியானமே வந்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் ஏர்கோன் கெட்டுவிட்டதாம், அவளுடைய ஈக்கள் சூடு தாங்காதாம். பன்னிரண்டு கண்ணாடிக் குழாய், வாயில் பஞ்சு. ஞாயிறு வரை அவள் அறையில்.

வாழைப்பழத்தில் மொய்க்கிற பொடி ஈதான். இதற்கா இத்தனை வருடப் படிப்பு என்று கேட்டேன். கோபப்படாமல் வரைந்து காட்டினாள். முட்டை போட்டதும் முதல் இரண்டு மணி நேரம் உள்ளே சுவர் கிடையாது, ஒரே கூடம். அதில் ஒரு உட்கரு இரண்டாகும், நாலாகும், பதின்மூன்று தடவை, மளமளவென்று. ஒவ்வொரு கருவுக்கும் இரண்டு பக்கமும் ஒரு புள்ளி. அது நூல் விட்டு இழுத்துத்தான் சரிபாதியாகப் பிரியும், பக்கத்துக் கருவோடு முட்டாமலும் இருக்கும். பெயர் சென்ட்ரோசோம். எழுதி வாங்கிக்கொண்டேன்.

நீல டேப் ஒட்டிய குழாயில் அந்தப் புள்ளியைச் சரியாகச் செய்யத் தெரியாத தாய் ஈக்கள். அவை போடும் முட்டை எல்லாம் சாகும். சிவப்பு டேப், நல்ல ஈக்கள்.

"வளர்ந்த ஈ அது இல்லாமகூட சமாளிச்சிரும் பாட்டி. முட்டைக்குத்தான் முடியாது. அம்மா உள்ள வச்சு அனுப்புன சாமானை வச்சுத்தான் அது ஓடுது."

நல்ல பிள்ளை. பொறுமையான பிள்ளை.

ஜூன் 12, வெள்ளி

ஜெபமாலை நம் வீட்டில். ஒன்பது பெண்கள். கடலை, காப்பி, வாழைப்பழம். ஜெசி வெளியே.

ஜெபம் முடிந்ததும் என் வாய் சும்மா இல்லை. பேத்தி டாக்டராகப் போகிறாள் என்றேன். ஜெபத்துக்கு வந்த ரோஸி விடுவாளா.

"ஊசி போடுற டாக்டரா, ஈ ஓட்டுற டாக்டரா லா?"

எல்லோரும் சிரிப்பு. நீலமும் சிவப்பும் எடுத்து வந்து காட்டினேன். பஞ்சு எப்படியோ கழன்றுவிட்டது. ஆறேழு ஈ மேசைமேல், பழத்தின்மேல். டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து நீலத்தில் விட்டேன். அதுதான் காலியாகத் தெரிந்தது. பஞ்சை அடைத்து இருந்த இடத்திலேயே வைத்தாயிற்று.

ஈதானே.

ஜூன் 14, ஞாயிறு

பூசை. வெயில். ஜெசி குழாய்களைக் கொண்டுபோனாள். "எல்லாம் நல்லாப் பாத்துக்கிட்டீங்க பாட்டி" என்றாள். சிரித்தேன்.

ஜூன் 17, புதன்

பாசாருக்குப் போய்வந்தேன். மீன் நன்றாக இல்லை.

சாயங்காலம் ஜெசி ஓடி வந்தாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து நாசி கண்டார் சோறு இரண்டு பொட்டலம். என்னைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்று.

"நீலத்துல பொழச்சிருக்கு பாட்டி! ஒண்ணுகூட பொழைக்கக் கூடாது, புழு நெளியுது! புள்ளி இல்லாமலே பிரிய வேற வழி இருக்கோ என்னமோ!"

திங்கட்கிழமை பேராசிரியர், மற்ற மாணவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறாளாம்.

என் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினேன். "கெட்டிக்காரி" என்றேன்.

ஜூன் 18, வியாழன்

இந்த நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன். பஞ்சு கழலவில்லை. ரோஸி சிரித்த ரோசத்தில் நான்தான் பிடுங்கினேன். இரண்டையும். எந்த ஈ எதிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

யாரும் பார்க்காத நோட்டில்கூடப் பொய். அறுபத்தெட்டு வயது.

ஜெசி பாடிக்கொண்டே குளிக்கிறாள்.

ஜூன் 20, சனி

கோயிலில் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைச் சாமியிடம் சொல்ல. எனக்கு முன்னால் நாலு பேர்.

"என்னம்மா, ஈயா?" என்றார் சாமி. விளக்கினேன். புள்ளி, நூல், நீல டேப், எல்லாம். பின்னால் யாரோ இருமினார்கள்.

"எங்கிட்ட சொன்னது சரிம்மா. ஆனா திங்கக்கிழமை பேசப் போறது நான் இல்லயே. அந்தப் பிள்ளைகிட்ட போய்ச் சொல்லுங்க."

சுலபமாக முடிந்துவிடும் என்று பார்த்தேன். வெட்கம்.

வீட்டுக்கு வந்தால் ஜெசி படம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், திங்கட்கிழமைக்கு. சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை. ரோஸி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே. உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜெசி கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"எத்தன ஈ?"

"ஆறு. ஏழு இருக்கும்."

"எல்லாம் நீலத்துலயா?"

"ஆமாம்மா."

"பழத்துல ஏற்கனவே இருந்த ஈயா இருந்தாலும் இருக்கும்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பேராசிரியருடன் போன். இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் ஒன்று காதில் விழுந்தது, தன் தப்பு என்று. இரண்டு முறை. என்னைப் பற்றி ஒன்றும் இல்லை.

கதவைத் தட்டினேன். "நான் செஞ்சதுன்னு சொல்லு."

"வேணாம் பாட்டி. வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தானே."

"உன் நோட்டுல நடந்ததத்தான எழுதணும்?"

என்னை உள்ளே விட்டாள். பிறகு ஆராய்ச்சி நோட்டைத் திறந்து தேதி போட்டாள். எழுத எழுத எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். பன்னிரண்டாம் தேதி, பாட்டி இரண்டு குழாயைத் திறந்தார், வெளியே வந்தவற்றை நீலத்தில் விட்டார். முட்டைக் கணக்கு செல்லாது.

"எதுக்குத் திறந்தீங்கன்னும் எழுதணும். வந்தவங்களுக்குக் காட்டன்னு போட்டுக்கிறேன்."

"இல்லம்மா. பெருமைக்குன்னே போடு."

பேனா நின்றுவிட்டது. அவள் எழுதும்வரை நான் அங்கேயே நின்றேன்.