மாவுக்கு நான் முதலாளி

1931 மார்ச் 29, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குருத்தோலை ஞாயிறு. ஓலையெல்லாம் நனைந்து என் வீட்டுக்காரி எஸ்தர் சேலையில் பச்சைக் கறை. திட்டு எனக்கு. மழை பெய்ததற்கும் நானா பொறுப்பு?

கோயில் வாசலில் பாஸ்டர் பிடித்துக்கொண்டார். "யாக்கோபு, உங்க முதலாளி நெஜமாவே யூதரா? வேதத்துல வர்ற மாதிரியா?" வேதத்தில் வருகிற மாதிரி இல்லை ஐயா, பாக்தாத்திலிருந்து வந்த மாதிரி என்றேன். எசேக்கியேல் முதலாளிக்கு மாவு, பிஸ்கட், சோப்பு வியாபாரம். கோலாலம்பூரில் அவர்கள் ஜனம் சில குடும்பங்கள்தான், தனியாக ஜெப வீடு கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் கடை மாடியில், முதலாளி வீட்டு ஹாலிலேயே சனிக்கிழமை கூடுவார்கள். கீழே கணக்கெழுதும் கிராணி நான். மாடியில் ஜெபம், கீழே மாவு. பாஸ்டருக்கு இன்னும் கேட்க ஆசை. எனக்குப் பசி.

புதன் சாயங்காலம் அவர்களுக்குப் பஸ்கா தொடக்கம். இந்த வாரம் இடுப்பு ஒடியும்.

மார்ச் 30, திங்கள்

நல்ல வெயில். மாடி முழுக்கக் கழுவும் வேலை.

லூலு அம்மா (முதலாளி சம்சாரம்) பினாங்கில் தமிழ் ஆயா வளர்த்த பிள்ளை. என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். "யாக்கோபு, புளிச்சது ஒன்னும் வீட்டுல இருக்கக் கூடாது, தெரியுமில்ல?" எனக்கா தெரியாது? புளிப்பில்லாத அப்பம் பற்றி ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன். நேரே அடுக்களை. புளிச்சாடி, ஊறுகாய், தயிர், எலுமிச்சம்பழம், எல்லாம் பின்பக்கத் தொட்டிக்கு.

"அடப்பாவி, என் புளி!"

கோதுமை மாவு தண்ணீர் பட்டுப் பொங்குவதைத்தான் அவர்கள் புளிப்பு என்கிறார்களாம். ரொட்டி, பிஸ்கட், மாவு. வாய்க்குப் புளிப்பதை அல்ல. முதலாளி சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. புளியை மீட்டுவிட்டேன். ஊறுகாய் போனது போனதுதான். வீட்டில் சொல்லக் கூடாது.

மார்ச் 31, செவ்வாய்

ரயிலில் கிள்ளான். அங்கே முதலாளி ஜனத்தில் ஒரு விதவை, தனிக்கட்டையாக ஒரு கடிகாரக்காரர். இரண்டு பேருக்கும் பண்டிகைச் சாமான் ஒவ்வொரு கூடை. அரிசி, மீன், எண்ணெய், சிங்கப்பூரிலிருந்து வந்த புளிக்காத அப்பம் (அட்டை மாதிரி இருக்கிறது. ருசியும் அப்படியே).

இதற்கெல்லாம் காசு மாடிப்படிப் பெட்டியிலிருந்து. வெள்ளி சாயங்காலம் இருட்டுமுன் எல்லாரும் ஏதாவது போடுவார்கள். தானம் கொடுப்பதை மலாய்க்காரர் 'செடெக்கா' என்பார்கள், இவர்கள் 'செதாக்கா' என்கிறார்கள். நாக்கு கொஞ்சம் புரளுகிறது, அவ்வளவுதான். ஆனால் யார் கொடுத்தது என்று வாங்குபவருக்குத் தெரியக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு.

விதவை கேட்டார், "யாரு குடுத்தது?" தெரியாதும்மா என்றேன், முகத்தை மரம்போல் வைத்துக்கொண்டு. "எசேக்கியேல் கடைப் பேர் போட்ட காகிதத்துல சுத்தியிருக்கே?" நானேதான் சுற்றினேன்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், எஸ்தருக்கு நூல், ஊறுகாய் (லூலு அம்மாவுக்கு).

ஏப்ரல் 1, புதன்

இன்று நான் ஒரு கிடங்குக்கு முதலாளி ஆனேன். ஏப்ரல் ஒன்று என்பதால் ஏமாற்றுகிறார்களோ என்று முதலில் சந்தேகம்.

விஷயம் இதுதான். பண்டிகை எட்டு நாளும் அவர்களுக்கு மாவு சொந்தமாகவே இருக்கக் கூடாது. வீட்டில் மட்டுமல்ல, கிடங்கிலும். அதனால் வேறு ஜாதியானுக்கு விற்றுவிடுவது, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்குவது. இத்தனை வருஷம் அடுத்த கடைச் சீனர் வாங்கினார். அவர் ஈப்போ போய்விட்டார். இந்த வருஷம் நான். முன்பணம் ஒரு வெள்ளி (டாலர்). மீதி, பண்டிகை முடிந்து கணக்குத் தீர்க்கும்போது.

பண்டிகைக்கு வந்திருக்கும் பினாங்குப் பெரியவர் ஒரு கைக்குட்டையை நீட்டினார். முனையைப் பிடித்துத் தூக்கினேன். விற்றாயிற்று. சாவி என் கையில். சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவர் சிரிக்கவில்லை. மலாயில் சொன்னார், "விளையாட்டு இல்ல. திங்கணும்னா தின்னு, யாருக்காவது குடுக்கணும்னா குடு. உன் சாமான். அப்படி இல்லன்னா நாங்க பாவத்துல நிக்கிறோம்." முதலாளியும் தலையாட்டினார்.

கிடங்கு நிறைய மூட்டை. இந்த வியாபார மந்தத்தில் விற்கவே இல்லை. எல்லாம் கடனில் எடுத்தது. முதலாளியின் உசிரே அதில்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

கடை அடைப்பு. இருந்தாலும் பூட்டை இழுத்துப் பார்க்கப் போனேன். சொத்துக்காரனுக்குத் தூக்கம் ஏது?

கடை முன் அஞ்சடி நடைபாதையில் ஒரு கூட்டம். டெங்கில் பக்கத் தோட்டத்து ஜனம். ரப்பர் விலை விழுந்து ஆட்குறைப்பு, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குக் கப்பல் ஏறக் காத்திருக்கிறார்கள். காத்தாயி என்ற பெண் பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல் எப்பம்மா?"

"வர்ற வாரம் வெள்ளிக்கெழமைங்கிறாங்க கிராணி ஐயா."

"அதுவரைக்கும் சாப்பாடு?"

"பாக்குறோம்."

பாக்குறோமாம். எதைப் பார்ப்பது? வீட்டில் கருவாட்டுக் குழம்பு. இறங்கவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. பாஸ்டர் சிலுவையில் ஆண்டவர் தாகம் என்றதைப் பற்றி உருக்கமாகப் பேசினார். என் கை பாக்கெட்டில் சாவியைத் தடவிக்கொண்டே இருந்தது.

கோயிலிலிருந்து நேரே கிடங்கு. திறந்தேன். முதலில் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பிஸ்கட் டின் என்றுதான் நினைத்தேன். பிறகு பெரியவர்கள் முகம். ஒரு மூட்டையை இழுத்துப் போட்டுவிட்டேன். காத்தாயி கேட்டாள், "யாருதுங்க இது?" என்னுது என்றேன். அதைச் சொன்னபோது ஒரு பெருமை வந்தது, மறைப்பானேன். பின்சந்தில் மூன்று கல் வைத்து, தகரத்தைக் காய்ச்சி ரொட்டி சுட்டார்கள்.

எஸ்தர்: "யாரக் கேட்டுத் தொறந்தீங்க?"

நான்: "யாரக் கேக்கணும்? என் மாவு."

எஸ்தர்: "வேல போச்சுன்னா நாமளும் அந்த அஞ்சடிதான்."

சடங்குக்கு விற்பதுதான் இது, தின்பதற்கு இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் திறந்தேன். பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். செய்தி எப்படியோ பரவி, ஸ்டேஷன் பக்கம் படுத்திருந்தவர்களும் வந்துவிட்டார்கள். போதும் என்று எந்த இடத்தில் சொல்வது? ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவனை எப்படிப் போகச் சொல்வது?

எஸ்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள். சேலையை இழுத்துச் செருகி மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். "இப்படியா பெசைவாங்க, கல்லு மாதிரி" என்று காத்தாயிக்கும் திட்டு. காத்தாயி சிரித்தாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பண்டிகையின் நடு நாட்களில் கடை திறக்கலாம். சோப்பும் மெழுகுவர்த்தியும் மட்டும்.

முதலாளி பின்வாசல் வந்தார். "யாக்கோப், பின்னால என்ன புகை?" மாடி ஜன்னலிலிருந்து வெள்ளிக்கிழமையே பார்த்திருக்கிறார். ஏதோ கொஞ்சம் கொடுக்கிறான் என்று நினைத்திருக்கிறார். நான் கதவைத் திறந்து காட்டினேன். மூட்டைகள் போய்ப் பின்சுவர் தெரிந்தது. அந்தச் சுவரை நானே இத்தனை நாள் பார்த்ததில்லை.

மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கேட்டால் தன் மாவு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். பண்டிகையில் மாவு வைத்திருந்த பாவம். கேட்காவிட்டால் கடை போச்சு. என் வேலை போனது என்றே நினைத்தேன்.

கடைசியில் வெடித்தார். ஆனால் எதற்கு? "எல்லாம் நான் சேத்தது! புண்ணியம் மட்டும் உனக்கா? என் ஜன்னலுக்குக் கீழ பசி. அந்த மாவ நான் தொட முடியாது. ஒரு பிஸ்கட் என் கையால குடுக்க முடியாது. நீ ராஜா மாதிரி அள்ளி அள்ளிக் குடுக்கிற!"

மாடிப்படியிலிருந்து லூலு அம்மா: "குடுத்தவன் பேர் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்வீங்க? தெரியல. இப்ப என்ன கோவம்?"

முதலாளி விறுவிறுவென்று மேலே போய்விட்டார். நல்ல மனுஷன். அவர் தலையில் கல்லைப் போட்டது நான். ஆனாலும் கதவை மூட மனம் வரவில்லை. சாயங்காலமும் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மழை விட்டு வானம் தெளிவு. நட்சத்திரம் தெரிந்ததும் பண்டிகை முடிந்தது. மாடிக்குக் கூப்பிட்டார்கள். எல்லாக் குடும்பமும் இருந்தது.

திரும்ப வாங்க மிச்சம்: ஒரு மூட்டை, அரை டின் பிஸ்கட். மற்றதற்கு விலை நான் கொடுக்க வேண்டும். என் சம்பளத்தில் எந்தக் காலம்! எஸ்தரின் தாலிச் சங்கிலி ஞாபகம் வந்தது. அவளே காலையில் கழற்றி என் சட்டைப் பையில் போட்டிருந்தாள். அதை மேசையில் வைத்தேன்.

பினாங்குப் பெரியவர் சங்கிலியைத் திருப்பித் தள்ளிவிட்டுப் படிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கிள்ளானில் ஏலக்கடை வைத்திருப்பவர் எழுந்துவிட்டார். "அது நம்ம ஏழைகளுக்கு உள்ளது." லூலு அம்மா விடவில்லை. "யாக்கோபு இப்பக் கடன்காரன். நம்ம வாசல்ல நிக்கிற கடன்காரன். இவன விட நமக்கு எந்த ஏழை பக்கத்துல இருக்கான்?"

எனக்குச் சுருக்கென்றது. நானா ஏழை? நான் கிராணி. "எனக்கு யார் செடெக்காவும் வேணாம்மா" என்றேன். குரல் ஏறிவிட்டது.

"குடுக்கிறப்ப ராஜா. வாங்குறப்ப மட்டும் ரோஷமோ? செதாக்கான்னா பிச்சைன்னு எவன் சொன்னான் உனக்கு? எங்க பாஷையில அதுக்கு நியாயம்னு அர்த்தம். என் ஆயா பிச்சைக்காரனுக்குப் போட்டாலும் தர்மம்பா, கோர்ட்ல ஜெயிச்சாலும் தர்மம் ஜெயிச்சுதும்பா. உன் பாஷை உனக்கே தெரியாதா?"

தெரியும். இந்தப் பக்கம் நின்று கேட்டதில்லை, அவ்வளவுதான். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். வாங்கியதை அப்படியே முதலாளியிடம் கொடுத்தேன். அந்தப் பெட்டியில் பாதி அவர் போட்ட காசுதான். போதாததற்கு ஏலக்கடைக்காரரே பையில் கைவிட்டார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அப்படியும் கணக்கு முழுக்கத் தீரவில்லை. முதலாளி இருமினார், "ஹாபிஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

கைக்குட்டை, சாவி, எல்லாம் திரும்பியாயிற்று. வேலையும் இருக்கிறது. படி இறங்கும்போது முதலாளி கேட்டார், "அவங்களுக்கு நாளைக்குத்தானே கப்பல்?"

ஏப்ரல் 10, வெள்ளி

விடிந்ததும் கடைக்கு வெளியே முதலாளி, கையில் அந்த அரை டின். இப்போது அது அவருடையது, அவர் கையால் கொடுக்கலாம். பசியாறக்கூட இல்லை. டின்னை நான் தூக்குகிறேன் என்றேன். கொடுக்கவில்லை. ரயிலில் மடியிலேயே வைத்திருந்தார்.

கிள்ளான் துறைமுகம். ஒரே ஜனம், மூட்டை, அழுகை. காத்தாயி எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். முதலாளி டின்னைத் திறந்து பிள்ளைகளிடம் நீட்டினார். பிள்ளைகள் அம்மாவைப் பார்த்தன.

"கப்பல் ஏறுறவங்கள வச்சிருக்கிற டிப்போவுல சோறு போட்டுட்டாங்க ஐயா. வயிறு நெறஞ்சிருக்கு. பசிக்கிறவங்களுக்குக் குடுங்க."

முதலாளி டின்னோடு அப்படியே நின்றார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. யார் இவர் என்று சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். அவர் கண்ணைக் காட்டித் தடுத்தார்.

காத்தாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கசங்கிய சட்டை, இருமல், கையில் ஒரு டின். "இந்தப் பெரியவரும் ஊருக்கா? ஒன்னும் சாப்பிடல போல இருக்கே." துணி மூட்டையை அவிழ்த்து ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினாள். "நேத்து சுட்டது. பரவால்ல, தின்னுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். மெதுவாக, "யாரு மாவு?"

"என்னுது முதலாளி. நான் இவங்களுக்குக் குடுத்தது."

"எண்ணெய்?"

பன்றிக் கொழுப்பாக இருந்தால் அவருக்கு ஆகாது. காத்தாயியைக் கேட்டேன். "எண்ணெய்க்கு எங்க போறது? வெறும் தகரத்துல சுட்டதுதான்."

டின்னைக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போய்க் கை கழுவி வந்தார். ரொட்டியை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பண்டிகைக்குப் பிறகு அவர் வாயில் படும் முதல் ரொட்டி. கல் மாதிரி இருந்திருக்கும். மென்று மென்று முழுவதும் தின்றார், தாடியில் ஒட்டிய துணுக்கு வரை. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"பாவம், எத்தன நாள் பசியோ" என்றாள் காத்தாயி. "இன்னொன்னு இருக்கு, வாங்கிக்குங்க."

முதலாளி கையை நீட்டினார்.