ரொட்டித்தூள் போடாத கறி உருண்டை

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான், கொஞ்சம் அசதி மட்டும்.

போன வாரம் இங்கே சமையல் வேலை பார்க்கும் வீட்டில் கறி உருண்டை செய்தேன். உதிராமல் இருக்க, நீ செய்வதுபோல் ரொட்டித்தூள் சேர்த்தேன். வீட்டுக்காரம்மாவுக்குக் கோதுமையே ஆகாதாம். எது ஆகும், எது ஆகாது என்று கூச்சத்தில் நான் முன்பே கேட்கவில்லை. பாவம், நாள் முழுக்க வயிற்றுவலி.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை கேட்டா என்னடி?" என்றார். பிறகு, "ரத்தம் குறைவா இருக்கு, கறி சாப்பிடுங்கன்னு டாக்டர் சொல்றார். மாசக் கடைசியில திரும்பச் செய். அதுவும் ஒத்துக்கலன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்" என்றார்.

ரொட்டித்தூளுக்குப் பதில் அரிசி மாவா, பொட்டுக்கடலை மாவா? எத்தனை பிடி? சீக்கிரம் எழுது. கூப்பிடுகிறார், போகவேண்டும். அளவோடு நிறுத்திவிடாதே அம்மா, தாள் நிறைய எழுது.

உன் மகள்