காலை விமானத்தில் வந்தவள்

செங்கரடு,
4.1.2026, ஞாயிறு.

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவுக்கு இடது முழங்காலில் வலி, மாத்திரை போட்டால் அடங்குகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு. ஐதராபாத்தில் இந்த வருடம் குளிர் அதிகம் என்று டிவியில் காட்டினார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. செவலை மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. துவரை பரவாயில்லை, காரிமங்கலம் சந்தைக்கு இரண்டு மூட்டை போயிற்று. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே, அப்பா ஏன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன்னோடு பேச எனக்கு இப்போது மனம் வரவில்லை. ஏன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

டிசம்பர் பதினாறாம் தேதி நம் விமான நிலையத்தில் புதிய பயணிகள் கூடம் திறந்தார்கள். நிலம் கொடுத்தவர்களையும் பழைய ஆட்களையும் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள், எனக்கும் ஒன்று போட்டார்கள். மேடையில் பேசியவர், விமான நிலையம் படிப்படியாக வளர்ந்த கதை என்று ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்தார். அவர் வாசித்த கதையில் நாங்கள் யாரும் இல்லை. எண்பத்தொன்பதில் நம் மேட்டுக்காடு மூன்றரை ஏக்கரையும் அளந்து கல் நட்டபோது வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை என்றார்கள். ஓடுபாதை போட்டு முடித்த பிறகு எனக்குக் கிடைத்தது ஒப்பந்தக் காவல்காரர் வேலை. சென்னைக்கு ஒரு சின்ன விமானம் ஒன்றரை வருடம் பறந்தது, ஏற ஆள் இல்லை என்று நிறுத்தினார்கள். அதன் பிறகு பதினோரு வருடம் ஒரு விமானமும் இறங்காத இடத்தை நான் காவல் காத்தேன். வேலிச் சந்தில் நுழையும் ஆடுகளை விரட்டினேன், பட்டாசு வெடித்து மயிலை ஓட்டினேன், ஓடுபாதை விரிசலில் முளைத்த எருக்கஞ்செடியைப் பிடுங்கினேன், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை கிழிந்தபோது அம்மாவை விட்டுத் தைத்துக் கம்பத்தில் ஏற்றினேன். நீ சைக்கிள் பழகியது அந்த ஓடுபாதையில்தான். நிலம் கொடுத்த மற்றவர்கள் என்னைப் பார்த்து, "காட்டையும் புடுங்கிக்கினானுங்க, சவுரியப்பன் அவனுங்களுக்கே காவல் கெடக்கறான்" என்று பேசினார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை தோறும் தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மறுபடி விமானம் விடுங்கள் என்று மனு கொடுத்தேன். இடையில் ஒரு கம்பெனி வந்து பத்து மாதம் ஓட்டியது, அதுவும் போயிற்று, அப்புறம் கொரோனா. போன வருடம் ஐதராபாத் விமானம் விட்டார்கள் பார், அன்றைக்கு டீக்கடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். என் மக காத்தால ஏறினா மத்தியானச் சோத்துக்கு நம்ம வூட்டுல இருப்பா என்று ஊரெல்லாம் சொன்னேன். அதற்குள் எனக்கு அறுபது முடிந்து வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் சந்தோஷம்தான்.

திறப்பு விழா அன்றைக்குச் சால்வையோடு கூடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஐதராபாத் விமானம் வந்திறங்கி ஆட்கள் வெளியே வந்தார்கள். அதில் நீ வந்தாய். கறுப்புப் பை, கையில் ஒரு ஃபைல், முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாய், இளைத்திருந்தாய். முதலில், கிறிஸ்துமஸுக்குச் சொல்லாமல் வந்து நிற்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஓடி வந்து முன்னால் நிற்பதை விட விளையாட்டுக் காட்டலாம் என்று தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு உனக்குப் போன் போட்டேன். நீ பையிலிருந்து எடுத்துப் பார்த்தாய். கொஞ்ச நேரம் அடிக்கவிட்டாய். பிறகு எடுத்து, "ஆபீசுக்குக் கெளம்பிட்டேன்பா, பஸ் ஸ்டாப்புல நிக்கறேன், சாயந்தரம் பேசறேன்" என்றாய். அந்த நேரம் கூடத்தின் ஒலிபெருக்கியில் பெட்டிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி அறிவிப்பு வந்தது. ஒரு காதில் நேராகவும் இன்னொரு காதில் உன் போன் வழியாகவும் அதே அறிவிப்பை நான் கேட்டேன். நீ அவசரமாக வைத்துவிட்டு வாடகைக் காரில் ஏறிப் போய்விட்டாய். இருபது தப்படி தூரம் இருக்காது பிரியா.

டிக்கெட் கவுன்டரில் நிற்கிறாளே காவியா, மாதுவின் மகள், அவள் என்னைப் பார்த்துவிட்டு வந்து தண்ணீர் கொடுத்தாள். என்ன பெரியப்பா மூஞ்செல்லாம் வேர்த்திருக்குது என்று கேட்டாள். பிரியா வந்தாளே என்றேன். "அக்கா ஆகஸ்ட்டுல இருந்து மாசாமாசம் வர்றாங்களே, காத்தால வந்து சாயந்தர ஃப்ளைட்டுல போயிருவாங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள். தெரியும் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னென்னவோ நினைத்தேன், ஒரு தகப்பன் நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தேன், அதை எழுத மாட்டேன். லீவு இல்லை என்று சொல்லி நீ கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. பூசையில் முட்டி போட்டேன், ஒரு செபமும் வாயில் வரவில்லை. மறுநாள் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், எதிரே உட்கார்ந்து, உன் மகள் மாதாமாதம் இங்கே எதற்கு வருகிறாள் என்று கேட்டேன். அம்மா கீரையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே இவளுக்கும் தெரியும் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. "கோர்ட்டுக்கு வர்றா. தமிழ்ச்செல்வனோட இனி வாழ மாட்டேன்னு கேசு போட்டிருக்கறா" என்றாள்.

மகளிர் குழுக் கூட்டம் என்று சொல்லி மாதம் ஒரு நாள் அம்மா தர்மபுரி போவாள். விடியற்காலையிலேயே எழுந்து தயிர்சாதம் கட்டுவாள், குழுவில் எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவோம் என்பாள். அந்தத் தயிர்சாதம் உனக்கு. ஒவ்வொரு தடவையும் என் மொபெட்டில் அவளை உட்கார வைத்து நான்தான் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன். பஸ் கிளம்பும்வரை நின்று கையும் காட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை தமிழ்ச்செல்வனும் அப்படித்தான், பொம்மிடிக்குப் போன் போட்டால் "நல்லாருக்கறோங்க மாமா, பிப்ரவரியில நானும் ஐதராபாத் போயிருவேன்" என்பான். காவியாவுக்கு நீ வருவது தெரியும், வக்கீலுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் என்ன குற்றம் செய்தேன், பெற்றவன்தானே என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். முப்பத்தி நாலு வருடத்தில் அவளை நோக்கி நான் அப்படிக் கத்தியதில்லை. அவள் அழவில்லை. "உங்ககிட்ட சொன்னா பங்குச் சாமியாரக் கூட்டிக்கினு வந்து சமாதானம் பேசுவீங்க. புள்ள ரெண்டு வாட்டி வூட்டுக்கு வந்தா. ரெண்டு வாட்டியும் பஸ் ஏத்தி உட்டது யாரு?" என்றாள்.

ஏற்றிவிட்டது நான்தான். கல்யாணமாகி நான்காம் மாதம் நீ வந்து, அங்கே இருக்க முடியாதுப்பா என்றாய். அனுசரித்துப் போம்மா, பீடத்தின் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்றேன். இரண்டாவது தடவை வலது மணிக்கட்டு வீங்கி வந்தாய், குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாய். எக்ஸ்ரே எடுக்க நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் உன் முகத்தைப் பார்த்து, விழுந்ததா, யாராவது முறுக்கினதா என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். "விழுந்துதாங்க" என்று உனக்கு முன்னால் நான் சொன்னேன். எட்டாம் நாள் பொம்மிடி பஸ்ஸில் ஏற்றினேன். இதையெல்லாம் நான் மறக்கவில்லை பிரியா. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உன் மேல் கோபம்தான், இதை எழுதும்போதும் கோபம்தான். என்னைத் திட்டியிருக்கலாம், இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றிருக்கலாம், அதைத் தாங்கியிருப்பேன். நான் எந்த விமானத்துக்காக மனு எழுதி எழுதிக் கை தேய்ந்தேனோ அதில் ஏறி வந்து, எனக்குத் தெரியாமல் நம் ஊர் மண்ணில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய். அம்மாவும் அதற்குத் துணை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்பது நாளாக நானும் அவளும் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொள்கிறோம்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை நான் தர்மபுரி போனேன். அம்மாவிடம் பெயர் கேட்டுக்கொண்டு உன் வக்கீல் அமுதவல்லி அம்மாவைப் பார்த்தேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, குமாஸ்தாவைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். நான் எக்ஸ்ரே எடுத்த அன்று நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். இதைக் கோர்ட்டில் சொல்ல முடியுமா என்று நானே கேட்டேன். அவர்கள், "பொய் சொன்னது நீங்கன்னு எதிர்த்தரப்பு வக்கீல் உங்களத் தொளச்சி எடுப்பாருங்க, மகளத் திருப்பி அனுப்புனதையும் கேப்பாரு, அதுக்குத் தயாருங்களா?" என்றார்கள். தயார் என்றேன். தமிழ்ச்செல்வன் தரப்பு ஆட்கள் பாதிப் பேர் நம் கோயில் ஆட்கள்தான், அவர்கள் முன்னால் கூண்டில் ஏறி நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஆனால் மனு போட்டது உன் பெயரில், நீ சம்மதிக்காமல் என்னைச் சாட்சியாகச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கடிதம் அதற்குத்தான். உனக்கு இஷ்டமா இல்லையா என்று ஒரு வரி எழுதிப் போடு. இஷ்டமில்லை என்றால் அதையே எழுது, ஏன் என்று கேட்க மாட்டேன், சாமியாரிடமும் போக மாட்டேன். எழுத்தில் சொல், போனில் வேண்டாம். போனில் நீ எது சொன்னாலும் அந்த அறிவிப்புதான் எனக்குக் கேட்கிறது.

உனக்கு எந்தக் கெடுதலும் அண்டாமல் மாதா காப்பாற்றட்டும், நீ தொடங்கியது நீ நினைத்தபடி முடியட்டும், இது அம்மாவின் ஆசீர்வாதமும்தான், அவளைக் கேட்டே எழுதுகிறேன். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். வாய்தா இருபத்திரண்டாம் தேதி என்று வக்கீல் அம்மா சொன்னார்கள். தை மாதத்தில் நம் கரட்டுப் பக்கம் எட்டரை ஒன்பது வரை பனிமூட்டம் இருக்கும், ஓடுபாதை தெரியாமல் காலை விமானத்தைச் சென்னைக்குத் திருப்பிவிடுவார்கள், போன வாரம்கூட இரண்டு நாள் திருப்பினார்கள். அப்படித் திருப்பினால் உன்னால் பத்தரைக்குக் கோர்ட்டில் நிற்க முடியாது. அதனால் முந்தின நாள் சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் போடு. என்னைச் சாட்சியாகச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் இதை மட்டும் செய். நான் வெளிவாசலில் வண்டியோடு நிற்பேன். உனக்குப் பேச மனமில்லாவிட்டால் பேச வேண்டாம், எனக்கும் அன்றைக்குப் பேச வருமா என்று தெரியவில்லை, பின்னால் ஏறி உட்கார்ந்தால் போதும்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உன் அப்பா,
அ. சவுரியப்பன்.